பூமி சூடாவது ஏன்? சூரியனா, எரிமலையா, மனிதனா?

"எங்கள் காலத்தில் வெயில் இப்படிக் கொளுத்தியது இல்லை."

பனை ஓலை விசிறியை வீசிக்கொண்டே வீட்டுக்கு வீடு பெரியவர்கள் இப்படிச் சொல்வது உண்டு. இளையவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். "தாத்தாவுக்கு வயசு ஆகிவிட்டது. அதனால் வெயில் தாங்கவில்லை" என்பார்கள்.

இந்த வழக்கில் தாத்தா ஜெயித்துவிட்டார்!

வெப்பமானி பொய் சொல்லாது. அது வாலிபன், வயோதிகன் என்று ஆள் பார்த்து உஷ்ணம் காட்டுவதும் இல்லை. உலகம் முழுவதும் நிலத்திலும் கடலிலும் உஷ்ணத்தை அளந்து குறித்த கணக்கு, 1850-ம் ஆண்டில் இருந்து கையில் இருக்கிறது. அந்தக் கணக்கில் மிகவும் சூடான ஆண்டு 2024. அதற்கு முந்திய பட்டத்தை வைத்து இருந்தது 2023. 2024 வரை உள்ள கணக்கில் மிகச் சூடான 10 ஆண்டுகளும் 2015-க்கும் 2024-க்கும் இடையே வரிசையாக வந்தவை.

2024-ல் பூமியின் சராசரி உஷ்ணம், 1850 முதல் 1900 வரை இருந்த சராசரியைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சென்டிகிரேட் அதிகம்.

"ஒன்றரை டிகிரிதானா? காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் அதைவிட அதிகம் ஏறுகிறதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது ஓர் ஊரின் உஷ்ணம். இது பூமி முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும் போட்ட சராசரி. குழந்தையின் உடம்பு உஷ்ணம் ஒன்றரை டிகிரி சென்டிகிரேட் ஏறினால், 98.4 என்பது 101 ஆகிவிடும். தாய் தூங்குவாளா?

இன்னொரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் "பனிக்காலம்" நடந்தது. வட அமெரிக்காவின் வட பாதியும், ஐரோப்பாவின் வடக்கும் மலை போன்ற பனிக்கட்டியின் அடியில் கிடந்தன. கடல் நீர் எல்லாம் பனிக்கட்டியாகத் தரையில் ஏறிவிட்டதால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 400 அடி கீழே இருந்தது. அப்போது ராமேசுவரத்தில் இருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் நடந்தே போகலாம்! அந்தக் காலத்தில் பூமியின் சராசரி உஷ்ணம் எவ்வளவு குறைவாக இருந்தது தெரியுமா? சுமார் 5 அல்லது 6 டிகிரிதான். அந்த அளவுக்குப் பூமி சூடு ஏற, பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது ஒன்றரை டிகிரி ஏறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுகூட முழுசாகத் தேவைப்படவில்லை. அதிலும் பெரும் பகுதி கடைசி 50 ஆண்டுகளில் ஏறியது.

அப்படியானால் சூடு ஏற்றியது யார்?

மனிதன் பிறப்பதற்கு முன்பே பூமி சூடாகி இருக்கிறது. குளிர்ந்தும் இருக்கிறது. அப்போது மோட்டார் ஏது? ஆலை ஏது? ஆகவே இயற்கையின் மேல் சந்தேகம் கொள்வது தவறு அல்ல. விஞ்ஞானிகளும் முதலில் இயற்கையைத்தான் விசாரித்தார்கள்.

காவல்காரர் கண்டுபிடித்தார்

பனிக்காலம் ஏன் வந்தது, ஏன் போனது என்ற கேள்விக்குச் சரியான வழியைக் காட்டியவர்களில் ஒருவர் பெரிய பேராசிரியர் அல்ல. ஒரு கல்லூரியின் காவல்காரர்!

அவர் பெயர் ஜேம்ஸ் கிரால். ஸ்காத்லாந்து நாட்டுக்காரர். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே பள்ளிக்கூடப் படிப்பு நின்றுவிட்டது. ஆலை எந்திரங்கள் செய்யும் தொழிலைக் கற்றார். அது நிலைக்கவில்லை. தேயிலைக் கடை வைத்தார். கையில் மூட்டு நோய் வந்தது. கடை போயிற்று. மது இல்லாத ஓட்டல் ஒன்று நடத்தினார். அதுவும் ஓடவில்லை. இன்சூரன்சு ஏஜெண்டாக அலைந்தார். கூச்சம் உள்ள மனிதர் அந்த வேலையில் எப்படிப் பிழைப்பது?

1859-ல் கிளாஸ்கோ நகரில் ஆண்டர்சன் கல்லூரிப் பொருட்காட்சி சாலையில் காவல் வேலை கிடைத்தது. கூட்டுவது, பூட்டுவது, திறப்பதுதான் வேலை. சம்பளம் குறைவு. ஆனால் அங்கே நல்ல நூல் நிலையம் இருந்தது. வேலை முடிந்ததும் கிரால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பௌதிகம் படித்தார். வான நூல் படித்தார். கணக்கைத் தாமே கற்றார்.

1864-ல் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். "பூமி சூரியனைச் சுற்றும் பாதை எப்போதும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. சில காலம் வட்டமாக இருக்கும். சில காலம் சற்று நீண்டு போகும். அதனால் பூமியில் சூரிய வெப்பம் விழும் முறை மாறுகிறது. பனிக்காலம் வருவதற்கு அதுவே காரணம்" என்பது அவர் கருத்து.

படித்த அறிஞர்கள் திகைத்தார்கள். "இந்தக் கிரால் எந்தக் கல்லூரிப் பேராசிரியர்?" என்று விசாரித்தார்கள். காவல்காரர் என்று தெரிந்தது! பிறகு அவருக்கு அரசாங்க நில ஆராய்ச்சி இலாகாவில் வேலை கொடுத்தார்கள். 1876-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினர் ஆக்கிக்கொண்டது.

கிராலின் கணக்கில் சில பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திச் செம்மையாகச் செய்தவர் செர்பிய நாட்டு எஞ்சினீயர் மிலான்கோவிச். முதல் உலகப் போரின்போது அவர் எதிரியின் கையில் சிக்கினார். புடாபெஸ்ட் நகரில் காவலில் வைக்கப்பட்டார். அங்கேயும் அவருக்கு ஒரு நூல் நிலையம் வாய்த்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டார். பூமியின் பாதை நீள்வதும் சுருங்குவதும் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. அதன் அச்சின் சாய்வு கூடிக் குறைய 41 ஆயிரம் ஆண்டு ஆகிறது. பம்பரம் தலையாட்டுவது போல அச்சு ஒரு சுற்றுத் தலையாட்ட சுமார் 26 ஆயிரம் ஆண்டு. கடலின் அடியில் தோண்டி எடுத்த மண்ணில் இந்தக் கால அளவுகளின் தடம் இருப்பதை 1976-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அப்போது கிராலும் உயிரோடு இல்லை. மிலான்கோவிச்சும் இல்லை.

ஆகவே பூமியின் ஆட்டம் உஷ்ணத்தை மாற்றும் என்பது மெய். ஆனால் அது ஆமை நடை. ஆயிரக் கணக்கான ஆண்டுகளில் நடக்கும் மாறுதல் அது. நூறு ஆண்டில் கண்ட சூட்டுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி பார்த்தால், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாகப் பூமி மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு போக வேண்டும். சூடாகக் கூடாது!

பீரங்கிச் சத்தம்

அடுத்த சந்தேகம் எரிமலை மேல் விழுந்தது. உள்ளே நெருப்பை வைத்து இருக்கும் மலைதானே பூமியைச் சூடாக்கும்? நடந்ததோ நேர்மாறு.

1815 ஏப்ரல் மாதம். ஜாவா தீவு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. திடீர் என்று தூரத்தில் பீரங்கி வெடிப்பது போல ஓசை கேட்டது. பக்கத்து முகாமை எதிரி தாக்குகிறான் என்று எண்ணி, ஜோக்ஜகர்த்தாவில் இருந்து பட்டாளம் புறப்பட்டது! கடலில் ஏதோ கப்பல் ஆபத்தில் சிக்கிக்கொண்டு அபாயக் குண்டு போடுகிறது என்று நினைத்துப் படகுகளையும் அனுப்பினார்கள். எதிரியும் இல்லை. கப்பலும் இல்லை. பல நூறு மைலுக்கு அப்பால், சும்பாவா தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்துக்கொண்டு இருந்தது.

சில நாள் கழித்து அது முழு மூச்சாக வெடித்தது. மலையின் தலையில் 4 ஆயிரம் அடிக்கு மேல் காணாமல் போயிற்று. அடிவாரத்தில் இருந்த தம்போரா என்ற சிறு ராஜ்யமே அழிந்தது. வெடிப்பிலும், பிறகு வந்த பசியிலும் நோயிலும் பல பதினாயிரம் பேர் மடிந்தார்கள்.

மறு ஆண்டு 1816. தம்போரா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத அமெரிக்க விவசாயிகள், ஜூன் மாதம் கதவைத் திறந்து பார்த்தார்கள். வெளியே பனி பெய்து கிடந்தது! நட்ட பயிர் கருகியது. ஐரோப்பாவில் மழை விடவே இல்லை. கோதுமை விளையவில்லை. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ரொட்டி விலை ஏறி ஏழைகள் தவித்தார்கள். "கோடை இல்லாத ஆண்டு" என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஜெனீவா ஏரிக் கரைக்கு உல்லாசமாகப் பொழுது போக்க வந்த மேரி செல்லி என்ற இளம் பெண், வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டாள். அந்த அடைமழையில்தான் "பிராங்கென்ஸ்டைன்" என்ற பயங்கரக் கதையை எழுதத் தொடங்கினாள்.

எரிமலை வெடித்தால் ஏன் குளிர வேண்டும்? எரிமலை கக்கும் கந்தகப் புகை, மேகங்களுக்கும் மேலே போய்விடுகிறது. அங்கே மிக நுண்ணிய துளிகளாக மாறி உலகம் முழுவதும் பரவுகிறது. சூரிய ஒளியில் ஒரு பகுதியை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. பூமிக்கு மேல் மெல்லிய பந்தல் போட்டது போல! இரண்டு மூன்று ஆண்டில் துளிகள் கீழே இறங்கிவிடும். பந்தல் பிரிந்துவிடும். பழைய உஷ்ணம் திரும்பும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினதுபோ எரிமலை வெடித்தது. "பூமி சுமார் அரை டிகிரி குளிரும். பிறகு மறுபடி சூடாகும்" என்று அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனும் அவருடைய கூட்டாளிகளும் கணக்குப் போட்டு முன்கூட்டியே வெளியிட்டார்கள். ஏறக்குறைய அப்படியே நடந்தது. சோதிடம் பலிப்பது எப்போதோ ஒரு முறை. இது கணக்கு!

எரிமலை கரியமில வாயுவையும் கக்குகிறது. உண்மைதான். ஆனால் உலகில் உள்ள எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் கக்குவது, மனிதன் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானலும்

மூன்றாவது ஆள் சூரியன். இவர் விஷயத்தில் தமிழ் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் மக்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி எழுந்தது. அந்த நாளில் வில்லியம் ஹன்டர் என்ற ஆங்கில அதிகாரி, சென்னையின் மழைக் கணக்கையும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கரும்புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகும், குறையும். "புள்ளி குறைந்தால் மழை குறைகிறது" என்றார். இதை விடாமல் ஆராய வேண்டும் என்ற பேச்சு வளர்ந்தது. சென்னையில் இருந்த வான ஆராய்ச்சி நிலையத்தின் வேலை மலைக்கு மாற்றப்பட்டு, 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வைத்து இருக்கிறார்கள். இத்தனை நீண்ட காலப் படங்கள் உலகில் வெகு சில இடங்களிலேயே உண்டு.

ஆனால் பஞ்சத்தின் காரணம் சூரியனில் இல்லை. கடலில் இருந்தது! பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுப் பகுதியும் கிழக்குப் பகுதியும் சில ஆண்டுக்கு ஒரு முறை வழக்கத்துக்கு மேல் சூடாகிவிடும். இதை "எல் நினோ" என்கிறார்கள். அப்போது இந்தியாவின் தென்மேற்குப் பருவ மழை பல முறை தவறி இருக்கிறது. 1877-ல் வந்தது மிகக் கடுமையான எல் நினோ. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவ மழையை முன்கூட்டி அறியப் பாடுபட்டபோதுதான் அந்தக் கடலின் மேல் காற்றின் அழுத்தம் ஊஞ்சல் ஆடுவதைக் கண்டுபிடித்தார்.

எல் நினோவும் இயற்கைக் காரணம்தான். 2023-ல் ஒன்று வந்தது. அந்த ஆண்டும் 2024-ம் அவ்வளவு சூடாக இருந்ததற்கு அதுவும் கை கொடுத்தது. ஆனால் அது கடலில் உள்ள சூட்டை வெளியே எடுத்து விடுகிறதே தவிர, புதிதாகச் சூட்டை உண்டாக்குவது இல்லை. ஓர் ஆண்டு ஏற்றும். இன்னோர் ஆண்டு, எதிர் ஆட்டம் ஆடும்போது, இறக்கும்.

சரி, சூரியன்? 1978-ல் இருந்து செயற்கைக் கோள்கள் சூரிய வெப்பத்தை நேராக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுற்றில் சூரிய வெப்பம் கூடிக் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதோடு, பூமி வேகமாகச் சூடான இந்தக் காலத்தில் சூரிய வெப்பம் ஏறவே இல்லை.

இதைவிட அழுத்தமான சாட்சி ஒன்று உண்டு. சூரியன் சுட்டால், காற்று மண்டலம் மேலிருந்து கீழ் வரை முழுவதும் சூடாக வேண்டும். நடப்பது என்ன? தரையை ஒட்டிய காற்று சூடாகிறது. மிக உயரத்தில் உள்ள காற்று குளிர்ந்துகொண்டு போகிறது! சூடு மேலிருந்து அதிகமாக வரவில்லை. கீழேயே தங்கிப் போகிறது என்று இதற்கு அர்த்தம். கரியமில வாயு பெருகினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் ஒருவர் ஜப்பானில் பிறந்த மனாபே. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பூமியின் போர்வை

சூடு கீழே தங்குவது எப்படி?

மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திக்கொள்கிறோம். கம்பளி சூடு கொடுப்பது இல்லை. உடம்பின் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கிறது. பூமியைச் சுற்றி உள்ள காற்றில் நீராவி, கரியமில வாயு முதலியவை இந்த வேலையைச் செய்கின்றன. சூரிய ஒளி அவற்றைத் தாண்டி வந்து தரையைச் சுடுகிறது. தரையில் இருந்து திரும்பும் வெப்பத்தை அவை பிடித்துவைத்துக்கொள்கின்றன. இந்தப் போர்வை கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. போர்வையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணம் உறைநிலைக்கும் 18 டிகிரி கீழே போய்விடும். நெல் ஏது? மனிதன் ஏது? கெடுதல் போர்வையில் இல்லை. அது தடித்துக்கொண்டே போவதில் இருக்கிறது.

அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்ற அம்மையார் 1856-ல் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் சாதாரணக் காற்று. இன்னொன்றில் கரியமில வாயு. இரண்டையும் வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடேறியது. நிழலில் வைத்த பிறகும் அது ஆறுவதற்கு வெகு நேரம் பிடித்தது. "காற்றில் இந்த வாயு அதிகமாக இருந்தால் பூமி சூடாக இருக்கும்" என்று எழுதினார். விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதைப் படித்தவர் அவர் அல்ல. ஓர் ஆண் விஞ்ஞானி படித்தார். பிறகு நூற்றைம்பது ஆண்டு வரை அந்த அம்மையாரை உலகம் மறந்தே போயிற்று. தரையில் இருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை இந்த வாயுக்கள் தடுப்பதை 1859-ல் தின்டால் என்பவர் கருவிகள் வைத்து ருசுப்படுத்தினார். புகழ் எல்லாம் அவருக்கே போயிற்று.

1896-ல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், நிலக்கரி எரித்து எரித்துக் கரியமில வாயு இரண்டு மடங்கு ஆனால் பூமி 5 அல்லது 6 டிகிரி சூடாகும் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு அதைவிடக் குறைவு. சுமார் 3 டிகிரி. கையால் பெருக்கிக் கூட்டிப் போட்ட கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது ஆச்சரியமே. சுவீடன் குளிர் தேசம் அல்லவா? சூடானால் நல்லதுதான் என்று அவர் நினைத்தார்! அதற்கு ஆயிரக் கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றும் நினைத்தார்.

மலை உச்சியில் ஓர் இளைஞர்

1958-ம் ஆண்டு மார்ச் மாதம். ஹவாய் தீவில் மவுனா லோவா என்ற மலையில், 11 ஆயிரம் அடி உயரத்தில், சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானியின் கருவி வேலை செய்யத் தொடங்கியது. கீலிங்குக்கு வயது 30 முடியவில்லை. ஊர்ப் புகை எட்டாத சுத்தமான காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர் நோக்கம். முதல் அளவில், பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு இருந்தது.

மே மாதம் வரை ஏறியது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது. கருவி பழுதோ என்று சந்தேகம். பழுது இல்லை. உலகின் வட பாதியில் வசந்தம் வந்து மரங்கள் தளிர்க்கும்போது, அவை கரியமில வாயுவை உண்கின்றன. இலை உதிர்ந்து மக்கும்போது திருப்பிக் கொடுக்கின்றன. பூமி ஆண்டுக்கு ஒரு முறை மூச்சு விடுவதை அந்த இளைஞர் கண்டுவிட்டார்! ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மூச்சு, போன ஆண்டு நின்ற இடத்துக்கு இறங்கவில்லை. சற்று மேலேயே நின்றது. 2024-ல் அளவு 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆலைகள் பெருகுவதற்கு முன் அது சுமார் 280. அது எப்படித் தெரியும்? தென் துருவத்துப் பனிக்கட்டிக்குள் பழைய காலத்துக் காற்று குமிழி குமிழியாக அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் துளைத்து எடுத்துப் பார்த்தார்கள். கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு ஒரு முறைகூட 300-ஐத் தாண்டியது இல்லை.

"கூடியது சரி. அது மனிதன் விட்டதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

வாயுவில் முத்திரை இருக்கிறது. உயிரோடு இருக்கும் மரத்திலும் செடியிலும் கதிர் வீசும் ஒரு வகைக் கரி சிறிது உண்டு. செத்த பிறகு அது தேய்ந்துகொண்டே போகும். 5,730 ஆண்டில் பாதியாகும். நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் மரம் செடியாக இருந்ததுதான். பூமிக்குள் கோடிக் கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலிலும் அந்த வகைக் கரி துளியும் மிச்சம் இல்லை. ஆகவே அவற்றை எரித்தால் வரும் வாயுவிலும் அது இராது. பாலில் தண்ணீர் கலந்தால் பால் நீர்த்துவிடும் அல்லவா? அதைப் போலக் காற்றில் அந்தக் கரியின் விகிதம் நீர்த்து வருவதை 1955-லேயே சூஸ் என்ற விஞ்ஞானி கண்டார். எரிமலை வாயுவிலும் அந்தக் கரி இராதே என்று கேட்கலாம். அதற்கு வேறு சாட்சி உண்டு. கீலிங்கின் மகன் ரால்ப், காற்றில் உள்ள பிராண வாயுவை அளக்கிறார். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஏதோ ஒன்று எரிந்தால்தான் பிராண வாயு குறையும். எரிமலை வாயுவைக் கக்குவதால் குறையாது. (மூச்சு முட்டும் அளவுக்குக் குறைந்துவிடவில்லை. பயப்பட வேண்டாம்!)

குளிர்சாதனத்தின் ஒழுகல்

கரியமில வாயு மட்டும் குற்றவாளி அல்ல. கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தவர் தமிழர்.

வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் எஞ்சினீயர் படிப்புப் படித்தவர். 1965-ல் பட்டம் பெற்றபின் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டிகள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிக்குள் அடைக்கும் வாயு சீக்கிரம் ஒழுகிப் போய்விடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மேல் படிப்புக்கு அமெரிக்கா போனார்.

ஒழுகிய வாயு அங்கேயும் அவரை விடவில்லை! அந்த வாயு காற்றில் கலந்து நீண்ட காலம் நிற்கிறது என்று மற்றவர்கள் கண்டு சொல்லி இருந்தார்கள். அது பூமியைச் சூடாக்குமா என்று ராமநாதன் கணக்குப் பார்த்தார். 1975-ல் முடிவை வெளியிட்டார். அந்த வாயுவின் ஓர் அணுத்திரள், கரியமில வாயுவின் சுமார் பத்தாயிரம் அணுத்திரள்களுக்குச் சமமாகச் சூட்டைப் பிடிக்கிறது! அது வானத்தின் ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்பதால், அதன் உற்பத்தியை நிறுத்த 1987-ல் மான்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தங்களில் இப்படி நிறைவேறியவை மிகச் சில.

மாட்டின் ஏப்பத்திலும், தண்ணீர் தேங்கிய வயலிலும், குப்பை மேட்டிலும், எண்ணெய்க் கிணற்றிலும் மீதேன் என்ற வாயு கிளம்புகிறது. பழைய அளவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் அது பெருகிவிட்டது. யூரியா முதலிய உரங்களில் இருந்தும் ஒரு வாயு கிளம்புகிறது. காட்டை அழிப்பதும் ஒரு காரணம். இதற்கு எதிராக, ஆலைப் புகையில் உள்ள கந்தகம், எரிமலைப் புகை போலவே வெயிலைச் சிறிது மறைத்துப் பூமியைக் குளிர வைக்கிறது. நல்லதுதானே என்று அதை வைத்துக்கொள்ள முடியுமா? நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லும் புகை அது.

யாருக்கு எவ்வளவு?

ஐக்கிய நாட்டு சபையின் சார்பில் 1988-ல் அமைந்த பருவநிலை ஆய்வுக் குழு, 2021-ல் கணக்கைத் தீர்த்துச் சொன்னது. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பாதியில் இருந்து 2010-19 வரை மனிதன் ஏற்றிய சூடு ஏறக்குறைய 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது கூடினாலும் குறைந்தாலும் 0.1 டிகிரிக்குள். அதாவது, ஏறிய சூடு ஏறக்குறைய முழுவதும் மனிதன் கைவேலை.

"மனிதன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நியாயம் ஆகுமா? குடிசையில் விறகு எரிப்பவரும் மனிதர். வீட்டுக்கு நாலு கார் வைத்து இருப்பவரும் மனிதர்.

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு முதலியவற்றால் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நாடு நாடாகப் பார்த்தால் இப்போது முதல் இடம் சீனாவுக்கு. இரண்டாவது அமெரிக்கா. மூன்றாவது இந்தியா. ஆனால் தலைக்கு வகுத்தால், அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன். இந்தியர் ஒருவருக்குச் சுமார் 2 டன். இதுவரை உலகம் வெளியிட்ட மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. விட்ட வாயு மறு நாளே போய்விடுவதும் இல்லை. அதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டு காற்றிலேயே நிற்கும். கொள்ளுப் பாட்டன் எரித்த நிலக்கரியின் வாயு கொள்ளுப் பேரன் தலைக்கு மேல் இருக்கிறது. கொள்ளுப் பாட்டன் லண்டனில் எரித்தாலும், பேரன் தஞ்சாவூரில் இருந்தாலும் சரி.

இரவும் நெல்லும்

தஞ்சாவூரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போர்வை தடித்தால் பகலைவிட இரவில்தான் அதிகம் தெரியும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் பூமி இறக்கி வைக்க முடிவது இல்லை. உலகில் பெரும்பாலான இடங்களில் கடந்த நூற்றாண்டில் பகல் உஷ்ணத்தைவிட இரவு உஷ்ணமே அதிகமாக ஏறி இருக்கிறது. "ராத்திரிகூடக் காற்று ஆறவில்லையே" என்று பெண்கள் சொல்வது வீண் பேச்சு அல்ல.

இரவு சூடானால் நெல்லுக்கு ஆகாது. பகலில் வெயிலைக்கொண்டு செய்த உணவை, இரவில் சுவாசிப்பதற்காகப் பயிரே செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும். கதிரில் சேரும் மணி குறையும். நம் விவசாயிகளுக்கு ஐ.ஆர்.8 நெல்லைக் கொடுத்த பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பல ஆண்டு கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே 25 ஆண்டில் இரவு உஷ்ணம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இருந்தது. இரவு உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் கோடைப் போகத்தில் விளைச்சல் நூற்றுக்குப் பத்து குறைந்தது. பத்து மூட்டை கண்ட இடத்தில் ஒன்பது மூட்டை!

பகல் சூடும் சும்மா இல்லை. நெல் பூப்பது முற்பகலில், பெரும்பாலும் 10 மணியில் இருந்து நடுப்பகலுக்குள். அந்த நேரத்தில் உஷ்ணம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெடும். கதிர் பதராகும். இதற்கு ஒரு தந்திரம் செய்து பார்க்கிறார்கள். காட்டு நெல் வகை ஒன்று விடியற்காலையிலேயே பூத்து முடித்துவிடும். அந்தக் குணத்தை வயல் நெல்லுக்குள் கொண்டுவந்து, வெயில் ஏறுவதற்குள் பூத்துவிடும் நெல்லை அதே ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்து வருகிறார்கள்.